திறக்கச் சொன்ன பை

ஜாய்சனின் கையில் ஆன்டெனா இருந்தால் நரி தப்பாது என்று அந்தக் கூட்டத்தில் சொல்வார்கள். காட்டு நரி அல்ல. சோப்புப் பெட்டி அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர். ஒருவர் அதை எங்காவது ஒளித்துவைப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் மட்டும் அது கீச்சிடும். அந்தச் சத்தத்தை ரேடியோவில் பிடித்து, திசை பார்த்து, ஓடிப்போய்க் கண்டுபிடிக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பெங்களூரின் ரேடியோ பிரியர்கள் இருபது பேர் இப்படிக் கிளம்புவார்கள்.

ஜாய்சன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு கிடப்பவன், முப்பத்தாறு வயதில் பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வாங்கினான். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பூட்டி, அவனே செய்த ஆன்டெனாவைப் பார்த்து இன்ஜினியர்களே வாய் பிளந்தார்கள். அவனை "சார்" என்று கூப்பிட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான். வீடு எங்கே என்று கேட்டால் "அல்சூர்" என்பான். கூலி வேலைக்காரர்கள் நெருக்கியடித்து வாழும் மர்பி டவுன் என்று சொல்ல வாய் வராது. பக்கம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

அன்று தொம்மலூர் பக்கம் ஒரு பூங்கா. நரியை ஒளித்தவள் லீனா. போன தடவை இளநீர்க்காரரிடம் சொல்லிவைத்து, அவர் சாக்குக்குள்ளேயே போட்டுவிட்ட கெட்டிக்காரி. ஜாய்சனுக்குத் துணையாக வந்தவன் ராகேஷ், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன்.

ஊஞ்சல்கள் இருந்த மூலைக்கு வந்ததும் சத்தம் காதைப் பிளந்தது. நரிக்கு மிக அருகில் போய்விட்டால் இந்தத் தொல்லை உண்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு சத்தம் வரும். அப்போது சத்தத்தைக் குறைக்கும் சின்ன டப்பாவை இடையில் மாட்டித் திசை பார்க்க வேண்டும். டப்பா ஜாய்சனின் பாக்கெட்டில்தான் இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் இன்னொரு ஜோடி ஓடிவந்துகொண்டிருந்தது. நரி கீச்சிடும் நிமிடமும் முடியப்போகிறது. டப்பாவை மாட்ட அவன் நிற்கவில்லை. ஆன்டெனாவின் மூக்கு குப்பை வண்டிமேல் நின்றது. வண்டியில் ஒரு பை தொங்கியது. பக்கத்தில் துடைப்பத்தோடு ஒரு பெண்.

"இளநீர்க்காரன் கதைதான் குரு! லீனா இந்தம்மாகிட்ட குடுத்திருக்கா. கேளு, கேளு!" என்றான் ராகேஷ்.

அந்தப் பெண்ணை ஜாய்சனுக்குத் தெரியும். மகா அக்கா. அவன் தெருவில், அவன் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவர். அவன் அம்மா டெய்சியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது இரண்டு இரவு பக்கத்தில் இருந்தவர்.

"ஸ்வல்ப பேக் தெகீரி," என்றான் ஜாய்சன். பையைக் கொஞ்சம் திறங்கள் என்று கன்னடத்தில், யாரோ ஒருவரிடம் கேட்பதுபோல.

மகா அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். பையை எடுத்து, உள்ளே இருந்ததை சிமெண்ட் பெஞ்சில் ஒவ்வொன்றாக வைத்தார். டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை, பாதி சோப்பு, மடித்த ஈர உள்பாவாடை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். துப்புரவு வேலையின் சூப்பர்வைசர் நாகேஷ் கேட்டிலிருந்து வேகமாக வந்தார்.

"ஏனாயிது? என்ன ஆச்சு? ஏதாவது காணோமா?"

அதற்குள் பத்தடி தள்ளிக் கைதட்டல். ஊஞ்சல் கம்பத்தின் குழாய்க்குள்ளிருந்து அந்த இன்னொரு ஜோடி நரியை உருவியெடுத்திருந்தது. ராகேஷ் அங்கே ஓடினான். ஜாய்சனும் பின்னாலேயே போனான். நாகேஷுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"ஜாய்சன் சாரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பலாம்பா, நல்லா செக் பண்றாரு," என்றான் ராகேஷ். எல்லோரும் சிரித்தார்கள். ஜாய்சனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் திரும்பிப் பார்த்தான். நாகேஷ் கையை நீட்டி நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகா அக்கா தலை குனிந்து துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

அவன் மகா அக்காவிடம் போவதற்குள் நாகேஷ் கேட்டுக்குப் போய்விட்டார்.

"அக்கா... மன்னிச்சுடுங்க. என்னை..."

"உன்னைத் தெரியாமலா? டெய்சி புள்ள. வரும்போதே பாத்தேன்."

"அப்போ ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"நீ தெரியாத ஆளு மாதிரி கன்னடத்துல பேசுன. சரி, பெரிய மனுசங்களோட வந்திருக்கான், தெருக்காரின்னு சொல்லி அவன் மானத்தை ஏன் வாங்கணும்னு விட்டேன்."

ஜாய்சன் பெஞ்சில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்; மகா அக்கா அதை வாங்கிப் பைக்குள் போட்டார்.

"என்கிட்ட சொல்றது இருக்கட்டும்பா. நான் எதையோ எடுத்துட்டேன்னு நெனச்சுகினு போறாரு அவரு. நாளைக்கு பையோட ஆபீசுக்கு வான்றாரு. அங்க போய் சொல்லு."

கேட்டருகே லீனாவும் ராகேஷும் மற்றவர்களும் தோசை சாப்பிடப் போகக் கூடியிருந்தார்கள். நாகேஷ் அவர்களுக்கு நடுவில்தான் நின்றார். ஜாய்சன் அங்கே போய் ஆன்டெனாவைக் கீழே வைத்தான்.

"சார், அவங்க எதையும் எடுக்கல. எங்க பொருள் ஊஞ்சல் கம்பத்துல இருந்துச்சு. அவசரத்துல நான்தான் தப்பா பையைத் திறக்கச் சொன்னேன். அவங்க என் தெருக்காரங்க, மர்பி டவுன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி நின்னேன்."

ராகேஷ் செருப்பு நுனியைப் பார்த்தான்.

"முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?" என்று நாகேஷ் அதட்டினார். பிறகு மகா அக்காவைப் பார்த்து, நாளைக்கு ஆபீசுக்கு வர வேண்டாம் என்று கையசைத்தார். மகா அக்கா தலையாட்டிவிட்டுப் பெருக்கத் தொடங்கினார். ஜாய்சன் பக்கம் திரும்பவில்லை.

"வா குரு, ஏறு," என்று ராகேஷ் கார் கதவைத் திறந்தான். ஜாய்சன் வேண்டாம் என்றுவிட்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றான். ஞாயிறு அரை நாள் வேலை, மகா அக்காவும் இதே பஸ்ஸுக்குத்தான் வருவார் என்பது நின்ற பிறகுதான் உறைத்தது. முகம் சுட்டது. ஆனாலும் நகராமல் நின்றான்.