மேசைக்கு இந்தப் பக்கம்

கிழக்குக் கென்டக்கியில், சுரங்கங்கள் மூடிக்கிடக்கும் அந்த மலைப்பள்ளத்து வாக்குச்சாவடிக்கு ஒரு விதி உண்டு. மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்சிக்காரர்கள் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். ஓலீட்டாவின் அப்பா காலத்தில் ஊரே ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சிக்கு ஆள் கிடைக்காமல் கடைக்கார ஹோபர்ட்டைக் கெஞ்சிக் கூட்டிவந்து, வறுத்த கோழி கொடுத்து உட்காரவைப்பார்கள். அவரைச் செய்த கேலிக்கு அளவில்லை. இப்போது ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஆள் இல்லை; அந்தக் கேலி நாற்காலி ஓலீட்டாவுக்கு.

ஊர் ஒரே நாளில் மாறவில்லை. ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. கூத்து என்னவென்றால், அங்கே வாக்காளர் பட்டியலில் கட்சியையும் பதிவார்கள்; அந்தப் பதிவில் இன்றைக்கும் பாதி ஊர் ஜனநாயகக் கட்சிதான். தாத்தா சேர்ந்த கட்சியிலிருந்து பெயரை வெட்ட எவனுக்கும் மனசு வராது. ஆனால் அந்தப் பெயரில் மேசையில் உட்காரக் கூச்சம், ஓட்டும் எதிர்ப்பக்கம். இந்த இரட்டை வேஷத்தை நினைத்தாலே ஓலீட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் கணவன் பர்ல். சுரங்கத் தொழிற்சங்கத்தில் ஊறியவன். ஒவ்வொரு தடவையும், "நீ போட்டதுதான் நானும்," என்பான். சாவடியில் தன் கட்சி ஓட்டு ஒன்பதுக்கு இறங்கியபோதும், நான்குக்கு இறங்கியபோதும், அதில் ஒன்று பர்லுடையது என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

இந்த நவம்பரில் சாவடி மூடியதும், எதிர்ப்பக்கத்து எர்லீன் இயந்திரம் தந்த சீட்டைக் கிழித்து வாசித்தாள். தன் கட்சி எண்ணை உரக்கச் சொன்னவள், அடுத்ததற்குக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணுடி."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேன். உன் ஓட்டு இனிமே ரகசியமே இல்ல, போ."

பள்ளிக்கூடத்திலிருந்தே பழகியவள் அவள். சிரிக்க வைக்கத்தான் பார்த்தாள். ஓலீட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியில் வீடுவரைக்கும் பொருமிக்கொண்டே போனாள். ஊர் எக்கேடு கெட்டுப் போகட்டும். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இவனுமா?

பர்ல் பீன்ஸைச் சுடவைத்துவிட்டு, சோள ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்பிடிப் போச்சு?"

"நம்ம பக்கம் ரெண்டு விழுந்துச்சு," என்றாள், கோட்டைக் கழற்றாமலே.

கத்தி பாதியில் நின்றது.

"ரெண்டா?" என்றான் பர்ல். "இன்னொண்ணு யாரு?"