நான் ஏற்றி வைத்த சுருதி

பஸ்ரியாம்பிள்ளையின் குரலைக் கொன்றவள் நான்.

வயது கொன்றது என்றார்கள். சுருட்டு கொன்றது என்றார்கள். கள்ளுத் தவறணையில் பாடியதற்கு அந்தோனியார் கொடுத்த தண்டனை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். எல்லாம் பொய்! என் பெருவிரல்தான் கொன்றது. ஒரு சின்னப் பொத்தானை அழுத்தியே கொன்றது.

என்னைப் பார்த்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முல்லைத்தீவுக் கரையில், கோயிலில் ஓகன் வாசித்த றீற்றா நான். பூசைக்கு முதல் ஆளாய் வருகிறவள். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லாதவள்...

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது கோயில் பெருநாளுக்குக் 'கொண்டல்' பொப் கோஷ்டி வந்தது. அந்த நாளில் கரையையே ஆட்டிவைத்த கோஷ்டி அது. பாடகர் எங்கள் ஊர் பஸ்ரி அண்ணை. தோள்வரை முடி, நிலத்தைக் கூட்டுகிற காற்சட்டை. ஒரு பாட்டுக்குப் பெண்குரல் தேவையென்று என்னை மேடையில் ஏற்றினார்கள். இரண்டாவது அடியிலேயே அவர் என் கையிலிருந்த மைக்கைப் பறித்தார்.

"இறங்கு பிள்ளை! உது தொண்டையோ, தகரமோ?"

மைக்கில் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார்!

அன்றிலிருந்து நான் தகர றீற்றா. மீன் வாங்கப் போனால் தகரம். என்னைக் கட்டியவரின் தாய், "உந்தத் தகரத்தையோ கட்டப்போறாய்?" என்று மகனிடம் கேட்டாள். என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் 'தகரத்தின்ர மகள்' என்றார்கள். அந்த மேடைக்குப் பிறகு நான் வாய் திறந்து பாடவேயில்லை. ஒரு தாலாட்டு? அதுவும் இல்லை. பிள்ளையை ரேடியோ போட்டுத்தான் நித்திரையாக்கினேன்.

சின்ன விஷயம் என்கிறீர்களா? உங்களை ஊர் அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டும்!

பிறகு சண்டை ஓய்ந்து சமாதான காலம் வந்தது. பாதை திறந்தது. கொண்டலில் மிஞ்சியிருந்தவர்கள் மூன்று பேர்: பஸ்ரி அண்ணை, கிட்டார்க்காரச் சூசை, டிரம் அடிக்கிற செல்வம். பழைய ஓகன்காரர் கனடாவிலிருந்து ஒரு புது ஓகன் அனுப்பியிருந்தார். அதை வாசிக்க ஆள் தேடிப் பஸ்ரி அண்ணை என் வாசலில் வந்து நின்றார். முடி கொட்டிவிட்டது. காற்சட்டை போய் இடுப்பில் சாரம் வந்துவிட்டது.

"உன்னை விட்டா இந்தக் கரையில ஆளில்லைப் பிள்ளை. வாறியே?"

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை."

யோசிக்க என்ன இருந்தது? அவர் படலையைத் தாண்டுமுன் நான் முடிவெடுத்துவிட்டேன்.

பெரிய மேடைகள் இல்லை இப்போது. பரந்தன் சந்தியில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கொட்டகை. புதுக்குடியிருப்பில் ஒரு கலியாணப் பந்தல். நாயாற்றில் கள்ளுத் தவறணை முற்றம். "தவறணையிலயும் வாசிக்கப்போறியோ?" என்று பாதர் கேட்டார். "தாவீது ராசா கோயிலுக்குள்ள மட்டுமோ பாதர் வாசிச்சவர்?" என்றேன். பாவி, எனக்கு வாய் மட்டும் குறைவில்லை.

பரந்தனுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் போகும்போது பஸ்ரி அண்ணை தன் தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வள்ளம் போச்சு. வீடு போச்சு. இது ஒண்டுதான் பிள்ளை இன்னும் இடம்பெயராமல் நிக்குது."

நான் அதைக் கேட்டேன். கேட்டபிறகும் செய்தேன்...

அந்த ஓகனில் ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால், எந்தக் கட்டையைத் தொட்டாலும் ஒலி அரைச்சுரம் உயர்ந்து கேட்கும். பாட்டுத் தொடங்குமுன் நான் ஒரு கட்டையை அழுத்துவேன். அதற்கேற்பச் சூசை தந்திகளை முறுக்குவான். ஓகன் சொல்வதுதான் சுருதி; பாடுகிறவரும் அந்த உயரத்துக்கே ஏற வேண்டும். அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றாது. எத்தனை தரம் அழுத்தினேன் என்பதைச் சிவப்பு இலக்கம் காட்டிக்கொடுக்கும். அதன்மேல் என் செபமாலையைப் போட்டு மறைத்தேன். ஆம், செபமாலையை!

பரந்தனில் ஒருமுறை அழுத்தினேன். கடைசிப் பாட்டின் முடிவில் பஸ்ரி அண்ணை நீளமாய் ஒரு கூவல் கூவுவார். சனம் அதற்காகத்தான் காத்திருக்கும். அன்று கழுத்து நரம்பு புடைக்க, எப்படியோ எட்டிப் பிடித்துவிட்டார். புதுக்குடியிருப்பில் இரண்டுமுறை. சூசையின் தந்தி அறுந்தது. "கனடாச் சாமான் எண்டு கள்ளச் சாமானை வித்துப்போட்டாங்கள்!" என்று அவன் தந்தி விற்ற கடைக்காரனைத் திட்டினான். நான் தலையை ஆட்டினேன்.

நாயாற்றில் மூன்று.

கூவல் பாதியில் கிழிந்தது. மறுபடி எடுத்தார். மறுபடியும் கிழிந்தது. "அண்ணை, கள்ளை விட்டுட்டுச் சுடுதண்ணி குடியுங்கோ!" என்று ஒருவன் கத்த, முற்றமே சிரித்தது. பஸ்ரி அண்ணை மைக்கைக் கையில் வைத்தபடி, இது யாருடைய கை என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்... குளிர்ந்தது!

திரும்பும்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. நீ வடிவா வாசிச்சனீ. நான்தான் கெடுத்துப்போட்டன்."

அப்போது கேட்டேன். "அண்ணை, என்னை ஏன் தகரம் எண்டு கூப்பிடுறவை எண்டு தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை. எந்த விசரன் வைச்ச பேர் அது?"

மறந்துவிட்டார்! நான் ஒவ்வொரு நாளும் சுமந்ததை அவர் இறக்கி வைக்கக்கூட இல்லை, தூக்கவேயில்லை. என் கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இரட்டித்தது. நாக்கு நுனிவரை வந்த உண்மையை விழுங்கினேன்.

அவர் பிறகு பாடவில்லை. கொண்டல் அத்தோடு கலைந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் பசாம் பாடுகிறவர் அவர்தான். ஆண்டவர் பட்ட பாட்டை அவர் பாட, கரைச்சனம் அழும். அந்த வருடம் பாதர் வீடுதேடிப் போய்க் கெஞ்சியும் அவர் எழும்பவில்லை.

பிறகு மறுபடி சண்டை; நடந்தது உங்களுக்குத் தெரியும். ஓடினோம். ஓடி முடிந்தபோது செட்டிகுளத்து அகதிமுகாம் கூடாரங்களில் இருந்தோம். அங்கே பஸ்ரி அண்ணையின் மனைவி திரேசம்மா காய்ச்சலில் போய்விட்டார். பாதர் இல்லை. சவப்பெட்டி இல்லை. பாயில் கிடத்தியிருந்தார்கள்.

"ஒரு பாட்டாவது பாடி அனுப்புங்கோ அண்ணை," என்றது சனம்.

வாயைத் திறந்தார். மூடினார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"நீ பாடு பிள்ளை. என்ர தொண்டை தகரம்."

அந்தச் சொல்! அவர் வாயாலேயே, தன் தொண்டைக்கே! ஒரு கணம் எனக்கு இனித்தது... பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு இனித்தது, கேட்டீர்களா?

பாடினேன். இத்தனை வருடத்திற்குப் பிறகு பாடினேன். சனம் அழுதது. "றீற்றாவுக்கு இப்பிடியொரு குரலோ!" என்றார்கள். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெருவிரலையும் சேர்த்து.

போய்ச் சொல்லிவிடு என்பீர்கள். அவர் பக்கத்துக் கூடாரத்தில்தான் இருக்கிறார். 'உங்கட குரலுக்கு ஒண்டுமில்லை அண்ணை, நான்தான் சுருதியை ஏத்தினனான்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் பாடுவார்.

அதுதான்... அவர் பாடுவதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

காலையில் தண்ணீர் வரிசையில் எனக்கும் சேர்த்து அவர் இடம்பிடித்து வைத்திருப்பார். "வா பிள்ளை, முன்னுக்கு நில்," என்பார். நான் வாளியோடு போய் அவருக்கு முன்னால் நிற்பேன்.