தேவி மாற்றிக்கொண்ட கால்குலேட்டர்

கணக்கு வகுப்புக்கு கிராஃப் வரையும் கால்குலேட்டர்தான் வேண்டும் என்று திருவள்ளூர் கடையில் எனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே தேவிதான். தனக்கும் அதையே வாங்கினாள்.

இன்று பரீட்சை ஹாலில் மேடம் என்னுடையதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். "கிராஃப் வர்றதெல்லாம் எக்ஸாம்ல அலவ் இல்லம்மா. கிளாஸ்லயே சொன்னாங்களே?"

திரும்பிப் பார்த்தால், தேவி கையில் சாதாரண கால்குலேட்டர்!

மூன்று மணி நேரம் கையாலேயே பெருக்கி வகுத்துவிட்டு வெளியே வந்து கேட்டேன்.

"நீ லீவு போட்ட அன்னிக்குச் சொன்னாங்கடி. அப்பவே கடைல குடுத்து மாத்திக்கினேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே!"

தினமும் திருவாலங்காட்டில் ரயில் ஏறியதும், திருவள்ளூரில் ஏறப்போகும் அவளுக்காகப் பையை வைத்து சீட் பிடிப்பேன். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

நாளைக்குப் பிடிக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.