பத்தொன்பதரை அங்குலச் சின்னவாயன்

வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தபோது குணம் அண்ணையின் மகள் அழைத்தாள். தமிழில் பேசவே கூச்சப்படுகிற பெண், அன்று தமிழிலேயே சொன்னாள்: "அங்கிள், அப்பா போயிட்டார்." எதிர்பார்த்திருந்த செய்திதான். 

மொன்றியல் துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி, ஞாயிற்றுக்கிழமை எதிரி. எங்கள் சண்டை மீனைப் பற்றியது. இங்கே பாஸ் மீனில் இரண்டு வகை உண்டு. ஸ்மால்மவுத், பாறையும் ஓட்டமும் உள்ள தெளிந்த நீரில் திரியும். லார்ஜ்மவுத், சேற்றுக் குடாக்களில் பாசிக்கும் அல்லி இலைக்கும் அடியில் பதுங்கும். முன்னதை அண்ணை சின்னவாயன் என்பார், பின்னதைப் பெருவாயன் என்பார். அவர் சின்னவாயன் கட்சி, நான் பெருவாயன் கட்சி.

முதல் சந்திப்பே கேலியில்தான் தொடங்கியது. அல்லிக்கொடியில் மாட்டிய தூண்டிலை நான் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி, கிழங்கே பிடுங்கிறீர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பெரிய மீன் இங்கதாங்க இருக்கும்" என்றேன்.

"இருக்கும், இருக்கும். மாமியார் வீட்டில மாப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்."

எந்த மீனைப் பிடிப்பது கஷ்டம் என்று அன்று ஆரம்பித்த வாதம் ஓயவே இல்லை. பெரிய பெருவாயன் ஒரே ஒரு வாய்ப்புத்தான் தரும், கவ்வியதும் பாசிக்குள் புகுந்து தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பேன் நான். அண்ணை தலையை ஆட்டுவார். "பெருவாயனைக் கண்டுபிடிக்கிறதுதான் கரைச்சல். சின்னவாயனைக் கண்டுபிடிச்ச பிறகுதான் கரைச்சலே துவங்கும்." பிடித்ததை எல்லாம் நாங்கள் ஆற்றிலேயே விட்டுவிடுவோம் என்பதால் அவர் மனைவிக்கு எங்கள் இருவர் மீதும் சலிப்பு. "வெறுங்கையோட வாற ஆக்களுக்கு நான் புட்டு அவிக்கிறன்" என்பார்.

ஒரு கோடையில் பந்தயம் கட்டினோம். அவரவர் கட்சியில் யார் நீளமான மீனைப் பிடிக்கிறாரோ அவர் வென்றவர். அதன் பிறகு தோற்றவர், வென்றவரின் இடத்துக்குத்தான் வர வேண்டும். ரொக்ஸ்பரோவில் தம் வீட்டுக்கு அருகே, ஆற்றங்கரைக் கல்லில் நின்று அண்ணை தம் மீனைப் பிடித்தார். "வா ராசா, வா" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கரைசேர்த்தார். அளந்து "பத்தொன்பதரை" என்றார். நான் படம் எடுத்தேன். மூன்று வாரம் கழித்து எனக்கு அகப்பட்ட பெருவாயன் சரியாக இருபது. சின்னப் பையன் போல் குதித்தேன். அவர் கைகொடுத்து, "சரி தம்பி, இனி உம்மட சேறுதான்" என்றார்.

படச்சுருளைக் கழுவி வாங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அளவு நாடா அவர் மீனின் வால் பிளவோடு நின்றிருந்தது. இளவயதில் ஊரில், கரைக்கு வரும் சூரையையும் அறக்குளாவையும் அளந்து எழுதும் வேலை பார்த்தவர் அவர். அந்த மீன்களை வால் பிளவு வரைதான் அளப்பார்கள். பழக்கம் கையோடு வந்துவிட்டது. என் மீனை நான் வால் நுனி வரை அளந்திருந்தேன். நுனி வரை பார்த்தால் அவருடையது இருபதைத் தாண்டும்.

படத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். அவர் கேட்டபோது சுருள் கெட்டுவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னேன்.

நான்கு கோடைகள் அவர் என் சேற்றுக்கு வந்தார். கொசுக்கடி, பாசி நாற்றம் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. குடுவையில் கொண்டுவந்த தேநீரில் முதல் கோப்பையை எனக்கே நீட்டுவார். ஒவ்வொரு முறையும் வாங்கிக் குடித்தேன். படம் இழுப்பறையிலேயே கிடந்தது.

கடைசியாக அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது படத்தை எடுத்துப்போனேன். "அண்ணை, நீங்கதான் ஜெயிச்சீங்க. எனக்கு அப்பவே தெரியும்."

படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எனக்கும் தெரியும். உம்மட மீனை நீர் நுனி வரைக்கும் அளக்கேக்கயே கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீர் தோத்திருந்தா ரோசத்தில என்ர கல்லுப் பக்கமே வந்திருக்கமாட்டீர். எனக்குத் தனிய நிண்டு மீன் பிடிக்க விருப்பமில்லை, தம்பி."

என்னை அவ்வளவு சரியாக அறிந்திருந்தார். நிச்சயமாக வந்திருக்கமாட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நேற்று அவருடைய கல்லில் போய் நின்றேன். ஒரு சின்னவாயன் கவ்வியது. மூன்று முறை துள்ளி, தூண்டிலை உதறிவிட்டுப் போய்விட்டது. "அண்ணை, இதைப் பிடிக்கிறதுதான் கஷ்டம்" என்று வாய்விட்டே சொன்னேன். கேலி செய்ய ஆளில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தோல்விதான். அவரை அறிந்து, இன்று அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்லில் இன்னும் ஒருவர் நிற்க இடமிருக்கிறது. தனியே நின்று மீன் பிடிக்க எனக்கும் விருப்பமில்லை.