அம்மா இறக்கி வைத்த பயம்

ரெட்டியார்சத்திரம் சாலையில் காரை நிறுத்தினோம். அறுபதைத் தாண்டிய என் தம்பி அந்தோணி, தோள்பையைக் கழற்றி ஓரத்துச் சுமைதாங்கிக் கல்லின் மேல் வைத்தான். எனக்குச் சட்டென்று கத்திரிக்காய்க் கூடையின் ஈரச்சாக்கு வாடை அடித்தது.

அன்று நான் சிறுமி. காய்க்கூடையைச் சுமந்துகொண்டு அம்மா திண்டுக்கல் சந்தைக்கு நடப்பாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. எனக்குப் பிறகு பிறந்தது எதுவும் தங்கவில்லை.

ஒருநாள் இந்தக் கல்லருகே வந்ததும், கூட நடந்துவந்த பெரியம்மா அவள் கையைப் பிடித்தாள். "ஏடி, புள்ளத்தாச்சியா செத்தவளுக்கு வச்ச கல்லுடி இது. இதுல கூடைய எறக்காத."

அம்மா கூடையைக் கல்மேலேயே இறக்கினாள். தலைச் சும்மாட்டை அவிழ்த்து உதறி முக்காடு போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, கூடைய இந்தக் கல்லு தாங்கிக்கிருச்சு. என் பயத்த நீரு தாங்கிக்கிரும். இனிமே என்னால சொமக்க முடியாது."

பிறகு கூடையை மட்டும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். விட்டுவந்த பயம் கல்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினேன்.

ஐப்பசி மழையில் தம்பி ஊரையே எழுப்பும் குரலோடு பிறந்தான். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போகும் வழியில் அம்மா அவனை இந்தக் கல்மேல் கிடத்தினாள். பெரியம்மா பதறினாள்.

"நல்லாப் பாருக்கா!" என்று அம்மா சிரித்தாள். தம்பி கல்லை நனைத்தான்.

"என்னக்கா, தனியாச் சிரிக்கிற?" என்றபடி அந்தோணி பையை எடுக்கப் போனான்.

"இருக்கட்டும்டா. உனக்குப் பழக்கமான கல்லுதான்."