வெள்ளவத்தை மாடியில் முதல் கூட்டம்

பாதுகாப்பு அலுவல்களைக் கவனிக்கும் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். என் மேலதிகாரி சிங்களவர். அங்கேயே தலை நரைத்தவர். அவர் எழுதும் சுற்றறிக்கைகளை நான் தமிழாக்குவேன். யுத்தம் மும்முரமாக நடந்த காலத்தில் திடீரென்று வேலையை விட்டார். கொள்கை ஆய்வுக்கென்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கப் போவதாகச் சொல்லி, "மிஸ், நீங்களும் வாறதா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் என் கணவர் குதித்தார்.

"விசரே உனக்கு? பென்ஷன் உள்ள வேலையை விட்டுட்டுப் போறியோ?"

"ஓம், போறன்," என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவே ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்தேன்.

நிறுவனம் என்பது வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ரயில் போனால் யன்னல் அதிரும். வெளியூரிலிருந்து வந்து தங்கும் தமிழர்களைப் பொலிஸில் பதியும் முறைபற்றி மக்களிடமே கேட்போம், அதுதான் முதல் வேலை என்றார் என் மேலதிகாரி. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் லொட்ஜ்களுக்கும் கடிதங்கள் அனுப்பினோம். பத்து மணிக்குக் கூட்டம். பத்தரை வரை படியில் ஒரு செருப்புச் சத்தமும் இல்லை.

"நான் எங்கே வேலை செய்தவன் என்று அவர்களுக்குத் தெரியும். எப்படி வருவார்கள்?" என்றார் சிங்களத்தில்.

வந்தார்கள்! முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்தாறு பேர், பதினொரு மணிக்குள் நிற்க இடமில்லை. லொட்ஜ் நடத்தும் ஓர் அம்மா பொலிஸ் பதிவுப் படிவம் ஒன்றைத் தூக்கிக் காட்டியபடி எழுந்தார்.

"ஐயா, இந்தப் போம் முழுக்கச் சிங்களம். என்ன இருக்கெண்டு தெரியாமலே கையெழுத்து வைக்கிறம். இதை எழுதின ஆள் ஒருநாள் எங்கட லொட்ஜில வந்து இருந்து பாக்கட்டும்!"

நான் தடுமாறினேன். அந்தப் படிவத்தை எழுதியவர் என் மேலதிகாரிதான். தமிழாக்கத்துக்கென்று அது என் மேசைக்கு வந்ததே இல்லை.

"ஒன்றையும் குறைக்காமல் சொல்லுங்கள்," என்றார் அவர் சிங்களத்தில். சொன்னேன். அவருடைய காது சிவந்தது. எழுந்து நின்றார்.

"எழுதினது நான்," என்றார் தமிழிலேயே.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நல்லதாப் போச்சு. இருங்கோ, இன்னும் கிடக்குச் சொல்ல."

சிரிப்பு வெடித்தது. அதன் பிறகு ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் தொடங்கினார். பகல் மூன்று மணிவரை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். தொண்டை காய்ந்தது, சாப்பாடு மறந்தது. இத்தனை வருடமும் ஒரு பக்கத்துக்குத்தான் பேசியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தக் கிழமை முடியுமுன்னே மும்மொழிப் படிவம் ஒன்றை வரைந்து, கூட்டத்தில் வந்த மற்றக் கோரிக்கைகளையும் சேர்த்தோம். பழைய காரியாலயத்துக்கு அவரே கொண்டுபோய், வெளியாட்களோடு வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்து கொடுத்தார். மாதங்கள் கழித்து, தமிழ் வரிகளோடு புதிய படிவம் வந்தது. எழுத்து மிகச் சிறியது, என்றாலும் தமிழ். நாங்கள் கேட்ட மற்றவற்றுக்குப் பதிலே வரவில்லை.

அடுத்த கூட்டத்தைக் கொட்டாஞ்சேனையில், கோயில் மண்டபம் ஒன்றில் வைத்தோம். கதிரை போதவில்லை. அவர் தன்னுடைய கதிரையை ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.