காப்பித் தூளில் வரைந்த வெள்ளம்

உலகம் அழிகிற படம் என்றால் வேலுவுக்கு உயிர். இனிப்பு நீர் வியாதி முற்றி வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்த பிறகு, பினாங்கு டத்தோ கிராமாட்டில் உள்ள தன் வீட்டு முன்னறைக் கட்டிலில் படுத்தபடி அவர் பார்த்து முடித்த அழிவுகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு படத்தில் கடல் பொங்கி ஊரை விழுங்கும். இன்னொன்றில் காற்று விஷமாகிப் பணக்காரர்கள் மட்டும் போத்தலில் மூச்சு வாங்குவார்கள். வேறொன்றில் கடைசி மரத்தைச் சுற்றி வேலி போட்டு டிக்கெட் கிழிப்பார்கள். எது வந்தாலும் வேலு சொல்வது ஒன்றுதான்.

"அந்த ஊர்ல லோங்காங்க சுத்தம் பண்ணல போலருக்கு."

லோங்காங் என்று நாங்கள் சொல்வது சாக்கடைக் கால்வாயை. வேலுவின் வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆறு வருடத்துக்கு முன் அதன் கரைச்சுவர் நாற்பது அடி நீளத்துக்குச் சரிந்து உள்ளே விழுந்தது, விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. பெருமழை வந்தால் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது. புஷ்பவள்ளியின் அடுப்படிக் கதவு வழியாகத்தான் வரும்.

புஷ்பவள்ளி வேலுவின் மனைவி. ஐம்பத்தெட்டு வயது. டோபிக் கடையில் ஊரார் துணியைக் காயவைத்து மடித்துக் கொடுக்கிற வேலை. லோங்காங் கிண்டலுக்கு அவள் சிரித்து வெகுகாலம் ஆகிவிட்டது. படத்தில் வெள்ளம் ஒரே ஒரு தடவை வருகிறது, இசையோடு வருகிறது, அத்தோடு கதை முடிகிறது. இங்கே செவ்வாய்க்கிழமை வரும். புதன்கிழமை மெத்தையைக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும்.

முன்னறைச் சுவரில் மூன்று கறைக் கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அவள் பென்சிலால் தேதி போட்டிருந்தாள். மூன்றாவது கோடு முழங்காலைத் தாண்டி ஒரு சாண் மேலே, கட்டில் பலகையை முக்கிவிட்டுப் போன வெள்ளத்தினுடையது. அன்று அவள் வேலுவைக் கட்டிப்பிடித்து இழுத்துச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றி, தானும் ஏறி, நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வேலு அந்த நிலையிலும் காப்பி கிடைக்குமா என்று கேட்டார். மறுநாள் அவளால் நிமிர முடியவில்லை. இடுப்பு எலும்பு நகர்ந்துவிட்டது, இனி பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். வேலு எண்பது கிலோ. கட்டிலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினாள், அவ்வளவுதான் முடிந்தது. அடுத்த தடவை தண்ணீர் வந்தால் அவரைத் தூக்க ஆள் இல்லை. அவளுக்கு இருந்த பயமெல்லாம் இது ஒன்றுதான்.

ஆறு வருடமாக மனு கொடுத்தாள். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் மட்டும் என்ன, நாளைக்கே வந்து தூர்வாரிவிடப் போகிறார்களா? முதல் அதிகாரிக்குக் கைப்பேசியில் படங்கள் அனுப்பினாள். அவர் மாற்றலாகிப் போனார், படங்களும் அவரோடு போயின. அவளிடம் இருந்த படங்கள் கைப்பேசியோடு மூன்றாவது வெள்ளத்தில் மூழ்கின. அதன் பிறகு வந்தவர் கமாலுதீன் என்ற மலாய்க்காரர். நல்ல மனிதர். தமிழில் 'அக்கா' என்ற ஒரு சொல் தெரியும், மற்றதெல்லாம் மலாயில்.

"படம் வேண்டாம் அக்கா. இப்போது படத்தை யார் நம்புகிறார்கள்? பச்சைப் பிள்ளைகூடக் கைப்பேசியில் வெள்ளம் உண்டாக்குகிறது. நானே வந்து சுவரைப் பார்க்கிறேன். வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் ஏறியது உறுதியானால் அவசர வேலை என்று எழுதலாம். இல்லையென்றால் வரிசைதான். நான் வரும்வரை சுவரைத் தொடாதீர்கள்."

அவளும் தொடவில்லை. இரண்டு தீபாவளிக்குச் சுவருக்குச் சாயம் அடிக்கவில்லை. பண்டிகைக்குப் பலகாரத் தட்டோடு வந்தவர்களெல்லாம் கறையைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி முறுக்கைக் கடித்தார்கள். அவளுக்கு மானம் போயிற்று. கமாலுதீன் நாலு தடவை தேதி கொடுத்தார், நாலு தடவையும் வேறெங்கோ கரை இடிந்துவிட்டது.

இந்த நிலையில்தான் ஒருநாள் மத்தியானம் பிரஷாந்தி வாசலில் வந்து நின்றாள். கோலாலம்பூர்ப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும், சினிமாவில் கலை வேலை. படமெடுக்க வீடு தேடிச் சந்து சந்தாக அலைந்து களைத்துப்போயிருந்தவள், திறந்திருந்த கதவு வழியாகச் சுவரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கறையைத் தடவிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நாங்க ஒரு மாசம் ஒக்காந்து செஞ்சாலும் இப்படி வராது."

புஷ்பவள்ளியின் வீட்டை அதுவரை யாரும் மெச்சியதில்லை. மைலோ கலந்து கொடுத்தாள். படக்கதையைப் பிரஷாந்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வேலுவுக்குச் சொன்னாள். வருஷம் ரெண்டாயிரத்து ஐம்பது. பினாங்கில் எல்லா வீட்டுக்குள்ளும் கடல். ஒரு குடும்பம் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கிறது என்கிறார்கள்.

"சிரிப்புப் படமாம்மா?" என்றார் வேலு.

"சிரிப்புத்தான் அங்கிள். ஆனா சிரிச்சிட்டு வெக்கப்படணும். சுற்றுச்சூழல்னு பாடம் நடத்துனா ஒருத்தரும் வரமாட்டாங்க லா. செத்துப்போறத சிரிப்பா காட்டுனா வந்து ஒக்காருவாங்க."

"லோங்காங் பத்தி வருதா?"

"அது வரல அங்கிள்."

"அப்ப கத முழுசா இல்ல," என்றார் வேலு.

திங்கட்கிழமை படப்பிடிப்பு என்று முடிவாயிற்று. பணமும் பேசினார்கள், நியாயமாகத்தான் இருந்தது. புறப்படும்போது பிரஷாந்தி வாசலில் நின்று, "நீங்க ஒன்னும் செய்ய வேணாம் ஆன்ட்டி. வீடு இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இங்கேதான் வந்தது வினை. நம் வீடுகளுக்கு வருகிறவர்களில் எவர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார்? ஒன்றும் செய்ய வேண்டாம், சிரமப்படாதீர்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். அதைக் கேட்டுவிட்டு எந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்? அப்படிச் சொன்னால் ஒரு பாயசம் கூடச் சேரும், குறையாது. புஷ்பவள்ளியும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை, வளர்த்தவர்கள் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை சாய டப்பா வாங்கி வந்தாள்.

"அந்த ஆபீசு ஆளு வர்ற வெள்ளிக்கிழம வர்றேன்னாரே," என்றார் வேலு.

"நாலு வாட்டி வர்றேன்னாரு. வந்தாரா? இது ஊரு உலகமே பாக்கப்போற சுவரு. எம்மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?"

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூன்றாவது கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழேயிருந்து அடித்துக்கொண்டு வந்தாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரத்துக்குள் சுவர் பால் நிறத்தில் வந்துவிட்டது. சாமி படங்களைத் துடைத்தாள், திரைச்சீலை மாற்றினாள், வாசலில் கோலம் போட்டாள். இரண்டு வருடமாக மனதில் கிடந்த ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை பிரஷாந்தி வந்து சுவரைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேணாம்னு சொன்னேனே ஆன்ட்டி."

"நீ மரியாதைக்குச் சொல்றேன்னு நெனச்சேன்மா," என்றாள் புஷ்பவள்ளி. கோபித்துக்கொள்ள முடியாத பதில். பிரஷாந்தி எழுந்து ஆட்களைக் கூப்பிட்டாள். தேயிலைச் சாறு, காப்பித் தூள், ஏதோ ஒரு பழுப்புப் பசை என்று கலந்து பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கறை வரைந்தார்கள். புஷ்பவள்ளி ஓரமாக நின்று பார்த்தாள். கோடு அவள் கழுத்துக்கு வந்தபோது பொறுக்க முடியவில்லை.

"இவ்ளோ ஒயரம் வரலம்மா. இங்கதான்," என்று குனிந்து தொட்டுக் காட்டினாள்.

"இது ரெண்டாயிரத்து ஐம்பது ஆன்ட்டி," என்றாள் பிரஷாந்தி.

மறுநாள் படமெடுத்தார்கள். தரையில் கறுப்பு ரப்பர் விரித்து அணை கட்டிக் குழாய்த் தண்ணீர் விட்டார்கள். வேலுவைக் கட்டிலோடு தூக்கி, பக்கத்து வீட்டு வராந்தாவில் நாலு பேர் சுளுவாக இறக்கி வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தண்ணீரில் நின்றார்கள். பெண்ணின் பெற்றோர் சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேசை புஷ்பவள்ளியின் மேசை. காப்பி வேலு கேட்ட காப்பி. அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை, அவர்களாகவே யோசித்துக் கண்டுபிடித்திருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. கால் வலித்தது, போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த வேலு ஒன்று மட்டும் சொன்னார். "நாத்தமே இல்லாத வெள்ளம்."

சாயங்காலம் ரப்பரைச் சுருட்டினார்கள், தரையைத் துடைத்துக் கொடுத்தார்கள், வேலுவைக் கொண்டுவந்து போட்டார்கள். சுவருக்கு அடுத்த வாரம் ஆள் அனுப்பி வெள்ளை அடித்துத் தருவதாகப் பிரஷாந்தி சத்தியம் பண்ணினாள். சொன்ன சொல் தவறுகிற பெண் அல்ல அவள், அடுத்த வாரம் ஆள் வந்தது. ஆனால் அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கமாலுதீன் வந்துவிட்டார்.

ஐந்தாவதாகக் கொடுத்த தேதிக்குச் சொன்னபடி வந்தார், கையில் படிவம், தோளில் அளவு நாடா. சுவரைப் பார்த்ததும் ஒரு நொடி கண் விரிந்தது. பிறகு விரலால் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"காப்பி," என்றார்.

புஷ்பவள்ளி ஒன்றும் ஒளிக்கவில்லை. படக்காரர்கள் வந்தது, தான் சாயம் அடித்தது, அவர்கள் வரைந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சாயத்துக்கு அடியில் உண்மையான கறை இருக்கிறது, சுரண்டிப் பார்க்கலாம் என்று அகப்பைக் காம்பால் சுரண்டினாள். உதிர்ந்ததெல்லாம் ஒரே பழுப்பாக இருந்தது. எது லோங்காங் சேறு, எது காப்பித் தூள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கமாலுதீன் அவள் கையைத் தடுத்தார். "நான் உங்களை நம்புகிறேன் அக்கா. ஆனால் நான் என்ன எழுதட்டும்? இந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும் இது படத்துக்குப் போட்ட கறை என்று. நாளைக்கு என் மேலதிகாரி கேட்டால்?"

படிவத்தில் எழுதினார். சுவர்க்கறை படப்பிடிப்புக்காக உருவாக்கப்பட்டது, வெள்ளத்துக்குச் சான்று இல்லை, மனு முடிக்கப்பட்டது. ஆறு வருட மனு நாலு வரியில் முடிந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து தன் சொந்த எண்ணைக் கொடுத்தார்.

"தண்ணீர் உள்ளே இருக்கும்போதே வீடியோவில் கூப்பிடுங்கள். நான் கண்ணால் பார்த்தால் போதும், அன்றைக்கே எழுதிவிடுகிறேன். முழங்காலுக்கு மேல், மறக்காதீர்கள்."

"எந்த முழங்கால்னு கேளு," என்றார் வேலு கட்டிலிலிருந்து. "எங்கிட்ட ஒன்னுதான் இருக்கு."

அதன் பிறகு புஷ்பவள்ளிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. டோபிக் கடை வாசலில் நின்று அடிக்கடி வானத்தைப் பார்த்தாள். முன்பெல்லாம் மேகம் கறுத்தால் பயம்தான் வரும். இப்போதும் வந்தது, ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்கு என்ன பெயர் என்று அவள் யோசிக்கவில்லை, யோசிக்கத் தெம்பும் இல்லை. கைப்பேசியை மட்டும் எந்நேரமும் மின்னேற்றி வைத்தாள்.

தீபாவளி கழிந்து பத்தாம் நாள், சாயந்தரம் நாலு மணி வாக்கில் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடையில் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். வந்து அரை மணிக்குள் அடுப்படிக் கதவுக்கு அடியில் கறுப்பாக ஒரு நாக்கு நுழைந்தது. அந்த நாற்றம் வந்தது. புது வெள்ளைச் சுவரின் அடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் பூட்டு. ஓடிப்போய் ஆள் கூப்பிடச் சந்தில் ஆளை இழுக்கிற வேகத்தில் தண்ணீர் ஓடுகிறது. வேலுவின் அக்குளில் கைகொடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். இடுப்பில் மின்னல் வெட்டியது, விட்டுவிட்டாள். கைப்பேசியை எடுத்து அழுத்தினாள். மூன்றாவது அழைப்பில் கமாலுதீன் முகம் வந்தது.

"காட்டுங்கள் அக்கா. சுவரைக் காட்டுங்கள். உங்கள் காலைக் காட்டுங்கள்."

காட்டினாள். தண்ணீர் கெண்டைக்காலில் நின்றது.

"முழங்காலுக்கு வரவில்லையே அக்கா," என்றார் அவர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நான் லைனில் இருக்கிறேன். அண்ணனைத் தூக்க யாராவது வருகிறார்களா?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். செங்கல் வைத்தும் பலகை அவள் முழங்காலுக்கு நாலு விரல்தான் மேலே இருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் அடுத்தது வேலுவின் முதுகுதான்.

வேலு தலையணையை முதுகுக்குக் கொடுத்து நகர்ந்து உட்கார்ந்தார். கட்டில் ஓரத்தைத் தட்டினார்.

"வந்து ஒக்காரு வள்ளி. அவசரப்பட்டுப் போனை வச்சிடாத. இன்னும் ஒரு சாண் ஏறட்டும்."

புஷ்பவள்ளி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் கைப்பேசியைச் சுவருக்கு நேரே அசையாமல் பிடித்தபடி தண்ணீர் ஏறுவதற்குக் காத்திருந்தாள்.